கிடாய் விருந்தைத் தொடாத விருந்தாளி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யக்கூடிய உண்மை. கொளுத்தினால் இந்தக் கட்டடத்தில் நெருப்பு மணி அடித்து, ஏழு மாடிச் சனமும் பனிக்குள் இறங்கி நிற்கவேண்டி வரும் என்பதால் மட்டும் கொளுத்தவில்லை. எதையும் கூட்டவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் குறைத்திருக்கிறேன். அதெல்லாம் இரத்தம்.

றெனோல்டின் முன்பல் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பறந்தது. பறந்த தூரம் பதினொரு அடி. மொன்றியல் டவுன்டவுனில், கீழே மெற்றோ ஓடும்போதெல்லாம் நிலம் நடுங்குகிற ஒரு பழைய கட்டடத்தில், கோப்பி வறுக்கும் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து அது புறப்பட்டது. வறுத்த கொட்டைகளை ஆறவிடும் பெரிய தட்டத்துக்குள் போய் விழுந்தது. தட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பல்லும் சேர்ந்து சுற்றியது. அந்தக் கிழமை அந்தக் கோப்பியை வாங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர், இவ்வளவு காலமும் இல்லாத ஒரு உறுதி இதில் இருக்கிறது என்று கடிதம் எழுதினார்.

பல்லை அனுப்பிவைத்தவன் றெக்ஸ். அந்தக் கூடத்தில் சாக்குத் தூக்கும் வேலை அவனுக்கு. அறுபது கிலோ சாக்கை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் போன் கதைக்கிறவன்.

“இன்னொருக்காக் கேள் பாப்பம்,” என்றான் றெக்ஸ்.

“பிரணவன் எங்கை எண்டுதானே அண்ணை கேட்டனான்?” என்றான் றெனோல்ட். பல் போன இடத்தால் காற்றும் இரத்தமும் மாறிமாறி வந்தன. “தெரியாட்டித் தெரியாது எண்டு வாயாலை சொல்லலாமே. அதுக்கு என்ரை வாய் என்னத்துக்கு?”

றெக்ஸ் அவனுடைய இரண்டு கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். அப்படியே வறுக்கும் மெசின் பக்கம் கொண்டுபோனான். உள்ளே இருநூறு பாகைச் சூட்டில் கொட்டைகள் வெடிக்கும் சத்தம் றெனோல்டின் காதுக்கு மிகக் கிட்டக் கேட்டது. தலைமயிர் கருகி மணந்தது. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஐந்து விலா எலும்பைக் கொடுத்துவிட்டான். தலையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. அவனோடு சேர்ந்து துப்பறியும் பாலாம்பிகை உள்ளே வந்தார்.

வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருசம் டவுன்டவுன் உணவகங்களின் சமையலறைகளில் நின்றவர். இப்போது கியூபெக் அரசாங்கம் கொடுத்த துப்பறிவாளர் அனுமதிப் பத்திரம் கைப்பையில் இருக்கிறது. குளிர்க் கோட்டைக் கழற்றினார். கொளுவுவதற்கு ஆணி தேடினார். கண்டுபிடித்துக் கொளுவினார். கையுறைகளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு கோப்பி அள்ளும் இரும்பு அகப்பையை எடுத்து றெக்சின் முழங்கையில் ஒரு அடி, முழங்காலில் ஒரு அடி. அவன் குனிந்த இடத்தில் பெருவிரலைப் பிடித்து, கோழிக்காலைத் திருகுவதுபோலப் பின்பக்கம் திருகினார். “டக்” என்றது.

றெனோல்ட் தலைகீழாகவே விழுந்தான்.

“நீங்கள் ஆணி தேடின நேரத்துக்கை நான் அரைவாசி வறுபட்டிட்டன் அக்கா,” என்றான்.

“கோட்டு புதுசடா,” என்றார் பாலாம்பிகை. றெக்சின் அடுத்த பெருவிரலைக் கையில் எடுத்தார். “தம்பி றெக்ஸ், பிரணவன் எங்கை?”

றெக்ஸ் நல்ல பிள்ளையாக எல்லாம் சொன்னான். பின்னேரம் ஆறு மணிக்குப் பிரணவனுக்குப் பிளேன். ஆபிரிக்காவுக்கு, கூடத்துக்குக் கோப்பி வருகிற தோட்டத்துக்கு. இந்த முறை போனால் திரும்பி வரமாட்டார். மூன்று மணிக்குப் பியர்பொன்ட்ஸில் சிவமலரக்காவின் கொத்துரொட்டிக் கடையில் சாப்பிடுவார். நாலு மணிக்கு றெக்ஸ் அங்கே போய் அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வேண்டும்.

“இரவியண்ணை செத்த அண்டைக்குப் பிரணவண்ணை இஞ்சை இல்லை,” என்று றெக்ஸ் கையைப் பொத்திக்கொண்டு அழுதான். “திங்கள் பின்னேரமே நான்தான் கொண்டுபோய் எயார்போட்டிலை விட்டனான். அவர் ஆபிரிக்காவிலை நிண்டவர். நம்பாட்டி இன்டர்நெற்றிலை பாருங்கோ, அவரே எழுதினது கிடக்கு.”

விசயம் இதுதான். கூடத்துக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் இரவிச்சந்திரன். மற்றவர் அவருடைய சித்தப்பா மகன் பிரணவன். இரவிச்சந்திரன் ஒரு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, ரொறன்ரோ போகிறேன், வெள்ளிக்கிழமை வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். அதே திங்கள் பின்னேரம் பிரணவன் ஆபிரிக்காவுக்குப் பறந்தார். வியாழக்கிழமை மத்தியானம் இரவிச்சந்திரனின் போனிலிருந்து பிரணவனுக்கு ஒரு செய்தி போனது: “நான் கூடத்துக்கு வந்திட்டன். பிரசாந் கொளுக்கியோடை நிக்கிறான். அடிக்கப் பாக்கிறான்.” சனிக்கிழமை குளிர் களஞ்சியத்தில், அறுபது கோப்பிச் சாக்குகளுக்கு நடுவே ஒரு சாக்கு மட்டும் சப்பாத்துப் போட்டிருந்தது. அவிழ்த்தால் இரவிச்சந்திரன். மண்டை நடுவால் பிளந்திருந்தது. பிளந்தது சாக்கு இழுக்கும் கொளுக்கி. கொளுக்கியின் பிடியில் பிரசாந் என்று பெயர் வெட்டியிருந்தது. செத்த வீட்டுக்கென்று பிரணவன் ஆபிரிக்காவிலிருந்து திரும்பி வந்தார்.

பிரசாந் அங்கே கோப்பி வறுக்கிற பொடியன். வியாழன் முழுக்கக் கூடத்தில் தனியாக நின்றவன். பொலிஸ் வேறு யாரையும் தேடவில்லை. நாளை வெள்ளிக்கிழமை காலை நீதிபதி முன் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிறகு அவன் வெளியே வர எத்தனை வருசம் என்று யாருக்கும் தெரியாது.

அவனுடைய மனைவி துஷாந்தினி வெளியே றெனோல்டின் காரின் பின்சீற்றில் இருந்தாள். எட்டு மாதம். வயிற்றின்மேல் போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணை, பல்லு?”

“உள்ளை விட்டிட்டு வந்தனான். பேந்து எடுக்கலாம்.”

“அன்ரி, நாளைக்கு அவரை விடுவினமோ?”

பாலாம்பிகை அவளுடைய போனைச் சுட்டினார். “பிரணவன் எழுதினதை வாசி பிள்ளை,” என்றார்.

தன்சானியா மலைநாட்டில் ஒரு கோப்பித் தோட்டம். நூறு வருசத்துக்கு முன் கட்டிய கல்வீடு. அதைத்தான் இப்போது விருந்தினர் தங்குகிற இடமாக நடத்துகிறார்கள். அங்கே தங்கியவர்கள் இன்டர்நெற்றில் கருத்து எழுதலாம். பிரணவனும் எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரம். துஷாந்தினி வாசித்தாள்:

“அருமையான பழைய வீடு. அறைக்குள்ளேயே விறகு எரியும் கணப்பு. காலையில் முகில் சன்னலுக்குக் கீழே நிற்கிறது. நான் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தேன். வியாழக்கிழமை முழுவதும் இங்கேயே இருந்தேன். வேறெங்கும் போகவில்லை. பலர் என்னைப் பார்த்தார்கள்.”

“உவன் ஓட்டலுக்கு எழுதினவனோ, பொலிசுக்கு எழுதினவனோ?” என்றான் றெனோல்ட்.

“கீழை அந்த வீட்டை நடத்துற மனிசி பதில் போட்டிருக்கிறா. றோசா எண்டு பேர்,” என்றாள் துஷாந்தினி. “‘அன்புள்ள விருந்தாளியே, நன்றி. எங்கள் தோட்டத்தின் நூறாவது ஆண்டு விழாவுக்கு என் கையாலே வெட்டிய கிடாயை நீங்கள் தொடவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் அடித்துக் கொன்ற சுடுதண்ணீர்ப் பையைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.’”

பாலாம்பிகை போனை வாங்கினார். ஒருமுறை வாசித்தார். இரண்டாம் முறை வாசிக்கும்போது உதடு அசைந்தது.

“நம்பர் கிடக்கோ?”

மொன்றியலில் பகல் ஒன்றேகால், அங்கே இரவு ஒன்பதேகால். றோசா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். குரல் கல் அரைப்பதுபோல இருந்தது. கிடாய் என்ற சொல்லைக் கேட்டதும் அது இன்னும் அரைத்தது.

“அந்த மனிதன் மூன்று தடவை என் வீட்டில் தங்கியவன்,” என்றார் றோசா. “முன்பு வந்தபோதெல்லாம் ஒரு முழுத் தொடையைத் தனியாகத் தின்பான். எலும்பை உறிஞ்சி வைத்தால் என் நாய் மணந்து பார்த்துவிட்டு அழும். இந்தத் தடவை? கோவா, அவரை, கோவா. தொழிலாளர் ஐம்பது பேர் தின்கிறார்கள், இவன் நெருப்புக்கு அந்தப் பக்கம் இருந்து வாழைப்பழம் உரிக்கிறான்.”

“என்றைக்கிலிருந்து?”

“வந்த புதன்கிழமையிலிருந்து. விழாவே அன்றைக்குத்தான்.”

“அந்தச் சுடுதண்ணீர்ப் பை?” என்று றெனோல்ட் இடையில் புகுந்தான். அவனால் பொறுக்க முடியவில்லை.

“இங்கே இரவில் குளிர். எல்லா விருந்தாளியின் கட்டிலிலும் போர்வைக்கு அடியில் ஒரு பை வைப்போம். அவனுக்கும் அது தெரியும். ஆனால் இந்தத் தடவை காலில் சூடாக ஏதோ பட்டதும் அலறினான். கணப்புக்கு விறகு கிண்டும் இரும்பால் அடித்தான். கட்டிலையும் சேர்த்து. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ‘சாவு, சாவு’ என்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டுக் கட்டில். ஜேர்மன்காரன் செய்தது. உலகப் போரைக் கண்டது. இவனைத் தாங்கவில்லை.”

பாலாம்பிகை கண்ணை மூடினார். “அம்மா, இன்னொரு கேள்வி. கோயிலுக்குப் போனானா?”

மறுமுனையில் றோசா கதிரையை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

“எப்படித் தெரியும்? கீழே பட்டணத்தில் கடை வைத்திருக்கிற இந்தியக் குடும்பம் ஒரு சின்னக் கோயில் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக அங்கே போவான். இந்தத் தடவை கடைக்காரரே வியாழக்கிழமை கார் கொண்டுவந்து கூப்பிட்டார். இவன் படலையில் நின்று கைகூப்பினான். வரமாட்டேன் என்றான். காரணம் சொல்லவில்லை. சரி, நீங்கள் யார்? அவன் ஏதாவது செய்துவிட்டானா?”

“செய்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தான்,” என்றார் பாலாம்பிகை.

போனை வைத்ததும் றெனோல்ட் காரை எடுத்தான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது. அது பாலாம்பிகையின் பக்கம்.

“விளங்கினதோ?” என்றார் பாலாம்பிகை.

“நான் பாசையூர்க் கத்தோலிக்கன் அக்கா. எங்களுக்கு இறைச்சி இல்லாத நாள் எண்டால் வெள்ளிக்கிழமை. மற்றதெல்லாம் நீங்கள்தான் சொல்லோணும்.”

“ஒரு சைவக்காரன் மச்சம் மாமிசம் தின்னாமல் இருக்கிறான். ஏன்?”

“விரதம்.”

“விரதக்காரன் கோயிலுக்குப் போவானோ, மாட்டானோ?”

“அங்கைதான் பாய் போட்டுப் படுப்பான்.”

“சரி. ஒருத்தன் கோயிலுக்குப் போகாமல் இருக்கிறான். ஏன்?”

“குடும்பத்திலை பிள்ளை பிறந்திருக்கும். தீட்டு, துடக்கு.”

“பிள்ளைத் துடக்குக்கு மச்சம் விலக்கில்லை. தாராளமாய்த் தின்னலாம்.” பாலாம்பிகை இரண்டு விரலைக் காட்டினார். “மச்சமும் இல்லை, கோயிலும் இல்லை. ரெண்டும் ஒண்டாய் வந்தால் ஒரே ஒரு காரணம்தான். செத்த வீட்டுத் துடக்கு. அதுவும் பங்காளி செத்தால். இரவிச்சந்திரன் பெரியப்பாவின்ரை மகன், ஒரே பாட்டன் வழி. அவை சரியான இறுக்கம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் எல்லாம் விலக்கு. வேறை ஆரும் செத்தவையோ எண்டு இரவியின்ரை மனிசி புஷ்பவதியை இப்பத்தான் மெசேஜ் போட்டுக் கேட்டனான். ஒருத்தரும் இல்லை.”

றெனோல்ட் வாயைத் திறந்தான். குளிர்காற்று பல் போன இடத்தில் குத்தியது. மூடினான்.

“இரவியண்ணை செத்தது வியாழன் எண்டு பொலிஸ் சொல்லுது,” என்றாள் பின்சீற்றிலிருந்து துஷாந்தினி, ஒவ்வொரு சொல்லாக. “பிரேதம் எடுத்தது சனி. உவன் புதனே துடக்குக் காத்திருக்கிறான்.”

“ஓம். சாவுச் செய்தி வர மூண்டு நாளைக்கு முன்னம்.”

“அப்ப வியாழக்கிழமை மெசேஜ்?”

“நேரம் குறிச்சு வைச்சால் செத்தவன்ரை போனும் கதைக்கும் பிள்ளை. குளிருக்கை கிடந்த பிரேதம் நாள் சொல்லாது.”

“ஏன் அன்ரி கொலை செய்தவன்? என்ரை மனிசன் சொன்னவர், அந்தத் தோட்டத்தின்ரை பேர் அடிச்ச சாக்குக்குள்ளை வேறை எங்கத்தையோ குப்பைக் கோப்பி கிடக்கு, வறுக்கேக்கை மணத்திலையே தெரியுது எண்டு. இரவியண்ணைக்கும் காட்டினவர். இரவியண்ணை றோசாவுக்கு எழுதப் போறன் எண்டவராம்.”

“அதுதான் பிள்ளை. பாவி, சாக்கை மாத்தினவனும் அவன், சாக்குக்கை கட்டினவனும் அவன். ஆனால் துடக்கை மட்டும் கள்ளமில்லாமல் காத்திருக்கிறான்.”

பாலாம்பிகை பொலிசுக்கு அடித்தார். இந்த வழக்கைக் கையில் வைத்திருந்தவர் சார்ஜன் லாவோயி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“மடாம்,” என்றார் கடைசியில், “கியூபெக் நீதிமன்றத்தில் ஒரு மனிதன் ஆட்டிறைச்சி தின்னாதது குற்றமில்லை. என் மகளும் தின்பதில்லை. எனக்கு ஒரு நாளும் நேரமும் கொடுங்கள். விமானத்தை நிறுத்த ஒரு காரணம் கொடுங்கள். ஆடு வேண்டாம்.”

மூன்றே காலுக்குப் பியர்பொன்ட்ஸ் வந்தார்கள். வரிசையாக ஐந்து கடை, முன்னால் கார் நிறுத்தும் இடம், இரண்டு ஆள் உயரத்துக்குக் குவித்த பனி. சிவமலரின் கடைக் கண்ணாடியில் இரவிச்சந்திரனின் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது: மறைவு வியாழக்கிழமை, அந்தியேட்டி, வருகிற சனிக்கிழமை. உள்ளே பத்துப் பதினைந்து சனம். இரும்புக் கல்லில் சிவமலர் இரண்டு தகட்டையும் வைத்து ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தார். அந்தத் தாளம் வெளியே காருக்குள் கேட்டது.

“நீ முதல் போய்ப் பார்,” என்றார் பாலாம்பிகை.

றெனோல்ட் போனான். மூலை மேசையில் பிரணவன். ஆறடி மூன்று அங்குலம், கழுத்து இல்லை, தலை நேராகத் தோளில் இருந்தது. நெற்றியில் பட்டை திருநீறு, நடுவில் சந்தனம், காதில் செவ்வரத்தம்பூ. கோயிலிலிருந்து நேரே வந்திருக்கிறார். முன்னால் ஆட்டிறைச்சிக் கொத்து. போதாதென்று தனியாக ஒரு கோப்பை ஆட்டெலும்புக் கறி. எலும்பு ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சினார். அடுத்த மேசைக் குழந்தை அழத் தொடங்கியது.

றெனோல்ட் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வெளியே ஓடினான்.

“அக்கா, எல்லாம் போச்சு. கோயிலுக்கும் போயிட்டு வந்திருக்கிறான், இறைச்சியும் தின்னுறான். அந்தியேட்டி நாளண்டைக்குத்தானே? துடக்கும் இல்லை, மண்ணும் இல்லை. உவன் ஒண்டையும் காக்கிற ஆளில்லை. றோசா வீட்டிலை வயித்துக்குத்துப் போலை. லாவோயி சரி. நாங்கள் விசர்.”

துஷாந்தினி சீற்றை இறுக்கிப் பிடித்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

பாலாம்பிகை கையுறையைக் கழற்றினார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். திங்களில் தொடங்கினார். ஒரு கை முடிந்து மறு கை. மறுபடியும் முதல் கை. எண்ணி முடித்தபோது அவர் சிரித்ததை றெனோல்ட் பார்த்தான். அவனுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது. அதற்குப் பிறகு எப்போதும் அவனுக்குத்தான் அடி விழும்.

“உள்ளை வா,” என்றார். “பிள்ளை, நீ காருக்குள்ளையே இரு.”

கடையின் நடுவில் போய் நின்றார். சமையலறைக் குரலை எடுத்தார். இருபத்திரண்டு வருசம் மூன்று அடுப்புக்கு அப்பால் கேட்கவைத்த குரல்.

“பிரணவன்! வெக்கமில்லையோடா உனக்கு? அண்ணன்காரன்ரை அந்தியேட்டி இன்னும் முடியேல்லை. துடக்கோடை போய்க் கோயிலைத் தீண்டிப்போட்டு வந்து, குந்தியிருந்து எலும்பு சூப்புறியோ? சைவமாடா நீ? கொப்பர் இருந்தால் செருப்பாலை அடிச்சிருப்பார்!”

கொத்துச் சத்தம் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. முணுமுணுப்பு எழுந்தது. ஒரு கிழவர் “சிவ சிவா” என்றார்.

பிரணவனின் கையிலிருந்து எலும்பு விழுந்தது. முகம் கறுத்தது. கள்ளன் என்றால் பொறுத்திருப்பார். கொலைகாரன் என்றால் சிரித்திருப்பார். ஒழுங்கு தெரியாதவன் என்று பத்துச் சனத்துக்கு முன்னால் சொன்னதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“ஆரைப் பாத்துச் சொல்லுறியள்?” மேசையை அடித்து எழும்பினார். மேசை இரண்டாகியது. “தீட்டோடை கோயில் படி மிதிச்சவன் எங்கட பரம்பரையிலை இல்லை! நான் ஒரு நாளும் பிசகாமல் எண்ணிப் பிடிச்சனான். நேற்றோடை எனக்கு முப்பத்தொண்டும் முடிஞ்சுது! முடிஞ்ச பிறகுதான் முழுகி, கோயிலுக்குப் போய், மச்சம் தொட்டனான்!”

சிவமலரின் தகடு அந்தரத்தில் நின்றது.

பிறகு அங்கிருந்த ஒவ்வொருவரும், கிழவர், கடைப் பெண்கள், குழந்தையை வைத்திருந்த தகப்பன், எல்லாரும் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தார்கள். விரல் விட்டு எண்ணினார்கள். வியாழனிலிருந்து எண்ணினால் சனி. நேற்றுப் புதனில் முப்பத்தொன்று முடியவேண்டும் என்றால்,

“திங்கள்,” என்றார் கிழவர். “திங்களெல்லோ செத்திருக்கோணும்?”

“திங்கள் இரவி செத்தது உமக்கு எப்பிடித் தம்பி தெரியும்?” என்றார் சிவமலர், தகட்டைக் கீழே வைக்காமலே.

பிரணவனுக்கு அப்போதுதான் தான் சொன்னது விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்தது மொத்தம் நாலு நிமிசம். பிரணவன் முதலில் றெனோல்டைத் தூக்கிக் கொத்துக் கல்லில் எறிந்தார். கல் சுட்டுக்கொண்டிருந்தது. றெனோல்ட் பின்பக்கமாக விழுந்தான். காற்சட்டை கல்லில் நின்றது, ஆள் மட்டும் எழும்பினான். பிரணவன் மற்றத் தகட்டைப் பறித்து வீசினார். அது பாலாம்பிகையின் காதுக்கருகால் பறந்து, குளிர்பானப் பெட்டியின் கதவையும் உள்ளே இருந்த பன்னிரண்டு போத்தலையும் அறுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் குத்தி நின்றது. பாலாம்பிகை கொதிக்கிற எலும்புக் கறியை அவர் முகத்தில் ஊற்றினார். அவர் கண் தெரியாமலே பாலாம்பிகையின் கழுத்தைப் பிடித்தார். கால் நிலத்திலிருந்து எழும்பியது. சிவமலர் தன் தகட்டின் தட்டைப் பக்கத்தால் அவருடைய கைக்கணுவில் கொத்தினார். ரொட்டி கொத்துகிற அதே தாளம். எலும்பு மூன்றாகியது. கிழவர் தன் ஊன்றுகோலால் முதுகில் அடித்தார். ஊன்றுகோல் முறிந்தது. றெனோல்ட் காலில் கடித்தான். அவனுக்குப் பல் ஒன்று குறைவு என்பதால் இரண்டு தரம் கடித்தான்.

பிரணவன் எல்லாரையும் உதறி, கண்ணாடிக் கதவைத் திறக்காமலே அதற்குள்ளால் வெளியே போனார். பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகைக் குளிர். முகத்தில் குழம்பு உறைந்தது. கார்களுக்கிடையே ஓடினார்.

றெனோல்டின் கார் பின்பக்கமாக வந்தது.

துஷாந்தினி முன்சீற்றுக்கு மாறியிருந்தாள். அவளுக்கு லைசென்ஸ் இல்லை. முன்னுக்கு ஓட்டத் தெரியாது. பின்னுக்கு மட்டும் பிரசாந் ஒருமுறை காட்டிக்கொடுத்திருந்தான். வயிறு ஸ்டியரிங்கில் முட்ட, பின்கண்ணாடியைப் பார்த்தபடி, ஒரே சீராக வந்தாள். பிரணவனை இரண்டு முழங்காலிலும் அடித்துக் கொண்டுபோய்ப் பனிக்குவியலுக்குள் செருகினாள். வெளியே தலையும் திருநீறும் மட்டும் தெரிந்தன.

கண்ணாடியை இறக்கினாள். “அவரை விடச் சொல்லு,” என்றாள். “இல்லாட்டி இன்னொருக்கா வாறன்.”

“சொல்லுறன், சொல்லுறன்,” என்று பிரணவன் அலறினார். “திங்கள். மத்தியானம். நான்தான்.”

லாவோயி வந்தபோது, பதினைந்து சாட்சி வரிசையில் நின்றது. ஒவ்வொருவரும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்கள். நாலாவது ஆளிலிருந்து லாவோயியும் சேர்ந்து எண்ணினார்.

“நாள் கேட்டீர்கள், திங்கள். நேரம் கேட்டீர்கள், மத்தியானம்,” என்றார் பாலாம்பிகை. கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. “கூடத்துக்கு முன்னால் இருக்கிற தெப்பானரில், அந்த மூலைக்கடையில், கமெரா இருக்கிறது. நீங்கள் வியாழக்கிழமைப் படத்தை மட்டும்தானே பார்த்தீர்கள்?”

லாவோயியின் காது சிவந்தது. ஒரு மணித்தியாலத்தில் ஆள் அனுப்பிப் படத்தை எடுப்பித்தார். திங்கட்கிழமை பகல் ஒன்றரைக்கு இரண்டு பேர் கூடத்துக்குள் போனார்கள். மூன்று மணிக்கு ஒருவர் மட்டும் வெளியே வந்தார். அவருக்குக் கழுத்து இல்லை.

அந்தத் திங்கள் காலையிலிருந்து இரவு வரைக்கும் பிரசாந் ஆஸ்பத்திரியில், இரத்த அழுத்தம் ஏறிக் கிடந்த துஷாந்தினியின் கட்டிலருகே கதிரையில் இருந்தான். அதைப் பார்த்த தாதிமார் ஆறு பேர்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நீதிமன்றப் பக்கக் கதவால் பிரசாந் வெளியே வந்தான். நாலு கிழமையில் பாதியாகியிருந்தான். துஷாந்தினி நடந்துபோய், பளீர் என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

“கொளுக்கியிலை பேரை வெட்டாதை, வெட்டாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

பிறகு அவனுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெரு முழுக்கக் கேட்க அழுதாள். றெனோல்ட் திரும்பி நின்றான். உட்கார முடியாதபடியால் அவன் எப்படியும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

இரவிச்சந்திரன் போன ஞாயிற்றுக்கிழமை புரோசார்ட்டில் தன்னுடைய அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். கேக்கை அவரே வெட்டினார். நல்லகாலம், நான் கற்பூரம் கொளுத்தவில்லை.